சொல்லில்லாமல் ஒரு படம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து ஆட்கள் சிலர் சேர்ந்து, வாரம் ஒரு தலைப்பு வைத்து இணையத்தில் படம் பகிர்ந்து வருகிறோம். படத்தோடு ஒரு வார்த்தையும் கிடையாது. புதிதாக வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். நான் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறவள் என்பதால் பாதிக் கேள்விகள் என்னிடம் வந்துவிடும். அவரவர் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்துப் பதில்களைத் தொகுத்திருக்கிறேன். முதலில் இருப்பவை எளியவை, போகப் போகச் சிக்கலானவை.

அக்கா, இதுல என்னதான் பண்ணணும்? படத்தைப் போட்டுட்டுப் பேசாம இருந்துடணுமா?

ஆமாம், ஒரு நாளைக்கு மட்டும். வியாழக்கிழமை தலைப்பு சொல்வோம். 'தண்ணீர்', 'கை', 'காத்திருப்பு' என்று ஏதாவது ஒன்று. அதற்குப் பொருந்தும் என்று உங்களுக்குத் தோன்றும் ஒரே ஒரு படத்தை, நீங்களே எடுத்ததை, ஞாயிற்றுக்கிழமை போட வேண்டும். கவிதை வரி, ஹேஷ்டேக், இடப்பெயர், எமோஜி எதுவும் வேண்டாம். பார்க்கிறவர்கள் தங்கள் கண்ணில் பட்டதை எழுதுவார்கள். எங்கே, எப்போது, ஏன் எடுத்தீர்கள் என்பதை நீங்கள் திங்கட்கிழமை மாலை சொல்லலாம்.

புதன்கிழமைகளில் சொல்லில்லாமல் படம் போடும் 'வேர்ட்லெஸ் வெட்னஸ்டே' வழக்கம் பல நாடுகளில் வெகுநாளாக இருக்கிறது. நாங்கள் அதில் சேர்த்துக்கொண்டது தலைப்பையும் இந்த ஒரு நாள் பொறுமையையும்தான். பொறுமை ரொம்ப முக்கியம். எடுத்தவர் வாயைத் திறந்துவிட்டால் அப்புறம் யாரும் படத்தைப் பார்க்க மாட்டார்கள். அவர் சொன்னதைப் படத்துக்குள் தேடிக்கொண்டிருப்பார்கள்.

தலைப்பே ஒரு வார்த்தைதானே டீச்சர்? அப்புறம் எப்படி இது சொல்லில்லாத படம்?

நியாயமான கேள்வி. தலைப்பும் வார்த்தைதான், அது கண்ணை ஒரு பக்கமாகத் திருப்பத்தான் செய்கிறது. ஆல்ஃபிரெட் யார்பஸ் என்ற ரஷ்ய ஆய்வாளர், படம் பார்க்கிறவர்களின் கண் எங்கெங்கே போகிறது என்று கருவி வைத்துப் பதிவு செய்தார். 1960களில் இந்த ஆய்வு உலகம் முழுக்கத் தெரிய வந்தது. வீட்டுக்குள் ஒருவர் எதிர்பாராமல் நுழையும் ஓவியம் ஒன்றைக் காட்டி, 'இவர்களுக்கெல்லாம் என்ன வயது இருக்கும்?' என்று கேட்டார். கண் முகங்களையே சுற்றியது. 'இந்தக் குடும்பம் வசதியானதா?' என்று கேட்டதும் கண் சாமான்கள் பக்கமும் உடுப்புகள் பக்கமும் போனது. படம் அதேதான், கேள்வி மாறியதும் பார்வை போகும் வழி மாறிவிட்டது.

கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில் எடுத்த ஒரு படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மதகுகள், முன்னால் மீன் வறுக்கும் கடை, ஓரத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். 'தண்ணீர்' என்ற தலைப்பில் போட்டால் அணையில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று பேசுவார்கள். 'காத்திருப்பு' என்றால் அந்தப் பெரியவர் யாருக்காக உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்பார்கள். இதனால்தான் தலைப்பு ஒரே வார்த்தையோடு நிற்க வேண்டும் என்று வற்புறுத்துகிறோம். 'ஏழைத் தாயின் காத்திருப்பு' என்று வைத்துவிட்டால் பார்க்கிறவருக்கு வேலையே இல்லை.

எந்த மாதிரி தலைப்பு வெச்சா நல்ல படம் வரும்?

கையால் தொடக்கூடிய பொருளாக இருக்கட்டும். 'தனிமை' என்று வைத்தால் ஒற்றைப் பனைமரமும் மாலைச் சூரியனும்தான் வரிசையாக வரும். 'கை' என்று வைத்த வாரம் அப்படியா இருந்தது! மாங்கூழ் ஆலைக்குப் போகும் பெங்களூரா ரக மாங்காயைத் தரம் பிரிக்கும் கை, தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் கூட்டை அமுக்கிப் பார்க்கும் கை, ஒகேனக்கல்லில் துடுப்பைப் பிடித்த பரிசல்காரர் கை, களி கிளறும் கை. ஒரு பையன் சுவரில் பதிந்த சுண்ணாம்புக் கைத்தடத்தைப் போட்டான். அந்தப் படத்தில் கையே இல்லை, பேச்சு மட்டும் அதைப் பற்றியே நடந்தது.

ஃபோன்ல எடுத்தா பரவால்லையா, இல்ல கேமரா வாங்கணுமா?

ஃபோனே போதும். லென்ஸைத் துணியால் துடைத்துவிட்டு எடுங்கள், அது ஒன்றே பாதிப் படங்களைக் காப்பாற்றும். ஜூம் செய்வதைவிட இரண்டடி முன்னால் போவது நல்லது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கிப்போகும். தெளிவாகப் போய்ச் சேர வேண்டும் என்றால் 'டாக்குமெண்ட்'டாக அனுப்புங்கள். ஆனால் அதில் வேறொரு சிக்கல் இருக்கிறது, கீழே இடம் பற்றிய கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

எங்க ஊர் நடுகல்லைப் போட்டேன். 'ஏதோ குழி வெட்டின மாதிரி இருக்கு'ன்னு சொல்றாங்க. நேர்ல நல்லா புடைச்சுக்கிட்டு நிக்குது. ஏன் இப்படி?

வெளிச்சம் வந்த திசைதான் காரணம். நம் மூளை வெளிச்சம் மேலிருந்து வருவதாக எடுத்துக்கொண்டு பழகியது, சூரியன் மேலேதானே இருக்கிறது. ஒரு புடைப்பின் மேல்விளிம்பு வெளிச்சமாகவும் கீழ்விளிம்பு நிழலாகவும் இருந்தால் அது வெளியே வந்திருப்பதாகத் தெரியும். இதுவே மாறி, கீழ்விளிம்பு வெளிச்சமாக இருந்தால் பள்ளமாகத் தெரியும். நிலவின் பள்ளங்களைக் காட்டும் படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் அவை மேடாகிவிடுவதும் இதனால்தான். உங்கள் கல் சாய்ந்தோ படுத்தோ கிடந்திருக்கும், வெயில் கால் பக்கத்திலிருந்து விழுந்திருக்கும். படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், வீரன் எழுந்து வெளியே வந்துவிடுவான்.

தீர்வு எளிது. காலை ஏழு எட்டு மணிக்கோ சாயங்காலமோ, வெயில் பக்கவாட்டில் தடவிப் போகும் நேரத்தில் எடுங்கள். உச்சிவெயிலும் ஃபிளாஷும் செதுக்கலைத் தட்டையாக்கிவிடும். நிழலில் இருக்கும் கல் என்றால் ஒரு வெள்ளை தெர்மாகோல் அட்டையைப் பக்கத்தில் பிடித்து வெளிச்சத்தைத் திருப்பிவிடலாம். கல்லின் மேல் சுண்ணாம்போ சாக்பீஸோ மட்டும் தடவாதீர்கள், அது கல்லைக் கெடுக்கும்.

நடுகல்லைப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னும் கொஞ்சம். சொல்லில்லாப் படத்தைப் படிக்கப் பழகுவதற்கு நம் இரண்டு மாவட்டங்களை மாதிரி இடம் கிடைப்பது அரிது. வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து பொறித்த நடுகற்கள் இங்கே உண்டு, எழுத்தே இல்லாதவையும் உண்டு. எழுத்து இல்லாதவற்றிலும் செதுக்கியவர் விவரம் வைத்திருக்கிறார். மாடுகள் இருந்தால் ஆநிரைச் சண்டை, புலி இருந்தால் புலியோடு போராடி இறந்தவன், பக்கத்தில் வளையல் அணிந்த கை உயர்ந்திருந்தால் அவனோடு தீயில் இறங்கியவள். மேலே சூரியனும் நிலாவும் இருந்தால், அவை உள்ளவரை இவன் பெயரும் நிற்கும் என்று பொருள். மூன்று அடுக்காகச் செதுக்கியிருந்தால் கீழே சண்டை, நடுவில் தேவமகளிர் அவனைத் தூக்கிப் போவது, மேலே வீரசொர்க்கம். தருமபுரி அகழ்வைப்பகத்திலும் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் நடுகற்கள் இருக்கின்றன. குழந்தைகளை அழைத்துப் போய், பெயர்ப்பலகையைப் படிக்கவிடாமல் முதலில் கல்லைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரே படத்துக்குப் பத்து பேர் பத்து விதமா சொல்றாங்களே, எதுங்க சரி?

மூன்றாகப் பிரித்துப் பார்த்தால் சண்டை குறையும். முதலாவது, படத்தில் கண்ணுக்குத் தெரிவது. இரண்டாவது, தெரிவதை வைத்து ஊகிப்பது. மூன்றாவது, பார்க்கிறவர் தன் வாழ்க்கையிலிருந்து கொண்டுவருவது. வெடித்துக் கிடக்கும் ஏரி, நடுவில் மூன்று குச்சிகள் நட்டிருக்கின்றன. இது தெரிவது. பையன்கள் கிரிக்கெட் ஆடியிருப்பார்கள் என்பது ஊகம், நல்ல ஊகம். 'எங்கப்பா இந்த ஏரி நிரம்பி இரண்டு போகம் விளைந்ததைச் சொல்வார்' என்று ஒருவர் எழுதினால் அது அவர் கொண்டுவந்தது. அது தவறாக இருக்கவே முடியாது, அதற்காகப் படம் அதைச் சொல்கிறது என்றும் ஆகாது.

முதல் அடுக்கில் மட்டும்தான் சரி தவறு பார்க்க வேண்டும். இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொன்னால் திருத்தலாம். இரண்டாவதில் 'எதை வைத்துச் சொல்கிறீர்கள்?' என்று கேட்கலாம். மூன்றாவதைக் கேட்டுக்கொண்டால் போதும். பர்கூர் பக்கம் மல்லப்பாடியில் பாறையில் வெள்ளை நிறத்தில் குதிரை வீரர்களை வரைந்திருக்கிறார்கள். வரைந்தவர் ஒரு சொல்லும் எழுதி வைக்கவில்லை. பார்க்கிறவர்கள் சண்டை என்பார்கள், சடங்கு என்பார்கள். கையில் ஆயுதம் இருக்கிறதா, எந்தப் பக்கம் ஓங்கியிருக்கிறது என்று முதல் அடுக்கை உறுதி செய்துகொண்டவர் சொல்வதற்குத்தான் அங்கே மதிப்பு. நம் ஃபோன் படத்துக்கும் அதே முறைதான்.

நான் சோகமா எடுத்த படத்துக்கு சிரிக்கிற பொம்மை போடறாங்க அக்கா. மனசு கஷ்டமா இருக்கு.

அவர்கள் அதற்கு முன்னால் எதைப் பார்த்துவிட்டு வந்தார்கள் என்பதும் இதில் சேரும். சுமார் நூறு வருடம் முன்னால் லெவ் குலெஷோவ் என்ற ரஷ்யத் திரைப்பட இயக்குநர், ஒரு நடிகரின் அசையாத முகத்தை எடுத்து, அதோடு ஒருமுறை சூப் கிண்ணத்தையும், ஒருமுறை சவப்பெட்டியையும், ஒருமுறை ஒரு பெண்ணையும் ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் அதே முகத்தில் பசியையும் துக்கத்தையும் ஆசையையும் கண்டார்கள். ஃபோனில் விரலால் தள்ளிக்கொண்டே போகிறவருக்கு உங்கள் படத்துக்கு மேலே ஒரு வடிவேலு மீம் இருந்திருக்கலாம். அந்தச் சிரிப்பின் மிச்சம் உங்கள் படத்தின் மேல் விழுந்துவிடும்.

இதை உங்களால் தடுக்க முடியாது. இரண்டு மூன்று படங்களை வரிசையாகப் போடும்போது மட்டும் வரிசை உங்கள் கையில் இருக்கிறது. காலிக் குடம், பாட்டியின் முகம், அடிகுழாய் என்று வைப்பதற்கும், பாட்டியின் முகம், பேரன், காலிக் குடம் என்று வைப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்று மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் சிரித்தால், அடுத்த நாள் நீங்கள் பேசும் முறை வரும்போது அமைதியாகச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் திரும்ப வந்து வேறு மாதிரி எழுதுகிறார்கள்.

நம்ம ஊர்க்காரங்க ஒண்ணு சொல்றாங்க, சென்னை, துபாய்ல இருக்கறவங்க வேற ஒண்ணு சொல்றாங்க. யாருக்காக எடுக்கறது?

எருது விடும் விழாவை எடுத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் குறிப்பிட்ட தூரத்தை எந்த எருது குறைந்த நேரத்தில் ஓடிக் கடக்கிறது என்பதுதான் போட்டி. படத்தைப் பார்த்ததும் வெளியூர்க்காரர் 'ஜல்லிக்கட்டு' என்பார், திமிலைப் பிடிக்கும் ஆளைத் தேடுவார், யாரும் பிடிக்கவில்லையே என்பார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவருக்குத் தெரிந்த படம் அது. உள்ளூர்க்காரர் கொம்பில் கட்டிய அலங்காரத் தட்டியைப் பார்த்தே எந்த ஊர் எருது என்று பேச ஆரம்பித்துவிடுவார்.

எனக்கு வருத்தம் தருவது இன்னொன்று. நம் பக்கத்துப் படம் எதுவாக இருந்தாலும் 'பாவம், வறுமை' என்று முடித்துவிடும் பார்வை. கேழ்வரகுக் களி சாப்பிடுவது, மண் சுவர் வீடு, வெறுங்காலோடு நடப்பது எல்லாவற்றுக்கும் இதே பதில்தான் வருகிறது. களி விரும்பிச் சாப்பிடுவது, அந்த வீடு வெயிலுக்குக் குளுமையாக இருப்பது. இதை மாற்ற வேண்டும் என்றால் விளக்கம் எழுதுவதைவிடப் படத்தை அகலமாக எடுப்பது பலன் தரும். தட்டை மட்டும் நெருங்கி எடுக்காமல், சுற்றி உட்கார்ந்து பேசிச் சிரிக்கும் குடும்பத்தையும் படத்தின் சட்டத்துக்குள் கொண்டுவாருங்கள். வெளியில் விட்டதைப் பார்க்கிறவர் தன் கற்பனையால் நிரப்பிக்கொள்வார், அந்தக் கற்பனை அவர் ஏற்கெனவே எங்கேயோ பார்த்ததாகத்தான் இருக்கும்.

அப்ப எல்லாப் படத்தையும் வார்த்தை இல்லாம போடலாமா? போடக்கூடாதது ஏதாவது இருக்கா?

இருக்கிறது. இதில் நாங்கள் கண்டிப்பாகவே இருக்கிறோம். ஓசூர் பக்கத்தில் தென்பெண்ணையாற்றின் குறுக்கே கெலவரப்பள்ளி அணை இருக்கிறது. பெங்களூர்ப் பக்கமிருந்து சாக்கடையும் ஆலைக் கழிவும் கலந்து வரும் தண்ணீர் திறந்துவிடப்படும்போது ஆறு முழுக்க வெள்ளை வெளேரென்று நுரை பொங்கும். அதை எடுத்துச் சொல்லில்லாமல் போட்டுப் பாருங்கள். 'ஊட்டியா?', 'பனி மாதிரி இருக்கு', 'செம அழகு' என்று பதில் வரும். படம் பொய் சொல்லவில்லை, வெள்ளையாகத்தான் இருக்கிறது. ஆனால் நாற்றமும், அந்தத் தண்ணீரை வயலுக்குப் பாய்ச்ச வேண்டியிருக்கிறவரின் கவலையும் படத்துக்குள் வராது. அங்கே பேசாமல் இருந்தால் சீர்கேட்டை அழகாக்கிக் கொடுத்ததாகிவிடும். இது போன்ற படத்துக்கு அந்த நிமிடமே இடம், தேதி, காரணம் எழுதியாக வேண்டும்.

வெள்ளமும் அப்படித்தான். காவிரியில் தண்ணீர் கூடினால் ஒகேனக்கல்லில் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் மாவட்ட நிர்வாகம் தடை போடும். காவிரி தமிழகத்துக்குள் வரும் எல்லையான பிலிகுண்டுலுவில் அளக்கும் நீர்வரத்தை வைத்து ஊரே பேசும். அந்த நேரத்தில் பழைய வருடத்துப் படம் ஒன்று தேதி இல்லாமல் சுற்றினால் யாராவது பயப்படுவார்கள், அல்லது தண்ணீர் வடிந்த படத்தை நம்பிக் குடும்பத்தோடு கிளம்பி வருவார்கள். ஆபத்து, விபத்து, நோய், காவல்துறை சம்பந்தப்பட்டது, ஒருவரின் துன்பம் என்றால் விளையாட்டுக்குப் படத்தைக் கொண்டுவராதீர்கள். தனியாக, முழு விவரத்தோடு போடுங்கள்.

முகம் தெரியற மாதிரி போடலாமாங்க? கேட்டா சிரிச்சுக்கிட்டு போஸ் குடுத்துடறாங்க, இயல்பா வர்றதில்ல.

எடுத்துவிட்டுக் கேளுங்கள். திரையில் படத்தைக் காட்டி, 'இதை இணையத்தில் போடட்டுங்களா? ஊர் உலகமெல்லாம் பார்க்கும்' என்று சொல்லுங்கள். வேண்டாம் என்றால் அவர் கண் முன்னாலேயே அழியுங்கள். குழந்தை என்றால் பெற்றோரிடம் கேட்க வேண்டும். சித்தேரி மலை மாதிரி இடங்களுக்குப் போய் 'பழங்குடி முகம்' என்று சேகரித்து வருவதை நாங்கள் ஏற்பதில்லை. அங்கே இருப்பவர்களும் நாளைக்கு இதே ஃபோனில் தங்கள் படத்தைப் பார்க்கப் போகிறவர்கள்தான்.

ஒரு பழைய கதை சொல்கிறேன். 1936இல் கலிஃபோர்னியாவில் டொரோத்தியா லேஞ்ச் என்ற புகைப்படக் கலைஞர், பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில் ஒரு தாயைப் பிள்ளைகளோடு எடுத்தார். உலகம் முழுக்கப் பரவிய படம். அந்தத் தாயின் பெயரை லேஞ்ச் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. படத்தைப் பார்த்தவர்கள் அவரைப் பஞ்சத்தின் முகம், தாய்மையின் முகம் என்றெல்லாம் ஆக்கினார்கள். ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்ற அவர் பெயர் வெளியுலகுக்குத் தெரிய 1978 ஆனது. அவர் அமெரிக்கப் பூர்வகுடியான செரோக்கி வழி வந்தவர் என்பதும் அப்புறம்தான் பலருக்கும் தெரிந்தது. படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை, எடுக்காமலே இருந்திருக்கலாம் என்று அவர் வருத்தப்பட்டிருக்கிறார். மேலே சொன்ன மூன்றாவது அடுக்கு, அதாவது பார்க்கிறவர்கள் கொண்டுவந்து சேர்ப்பது, உயிரோடு இருக்கும் ஒருவரின் மேல் எவ்வளவு பாரமாக ஏறும் என்பதற்கு இதைவிட உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இடம் பேரு போடலைன்னா யாருக்கும் தெரியாதுல்ல? யானை படம், பாறை ஓவியம் எல்லாம் தைரியமா போடலாம்ல?

தெரியும். ஃபோனில் லொகேஷன் ஆன் செய்திருந்தால் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை படக் கோப்புக்குள்ளேயே பதிவாகிவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்த விவரம் கழன்றுவிடும். டாக்குமெண்ட்டாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். மேலே சொன்ன சிக்கல் இதுதான். கேமரா அமைப்புகளில் இடம் பதிவதை நிறுத்திவிடுங்கள்.

அதை நிறுத்தினாலும் பின்னால் தெரியும் மலையின் விளிம்பை வைத்தே நம் ஆட்கள் இடத்தைச் சொல்லிவிடுவார்கள். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் யானைக்கூட்டம் நிற்கும் படம் அன்றைக்கே பரவினால், வேடிக்கை பார்க்க வண்டி கட்டிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஆபத்து, யானைக்கும் தொல்லை. காட்டு விலங்குப் படத்தைச் சில வாரம் கழித்துப் போடுங்கள். பாறை ஓவியம் என்றால் மலை தெரியாமல் ஓவியத்தை மட்டும் எடுங்கள். பெயர் எழுதி வைக்க ஆள் வந்துவிட்டால் பழையபடி ஆக்க முடியாது.

ஃபில்டர் போட்டா அது பொய்யா? ஏஐ-ல செஞ்ச படத்தைப் போடலாமா?

நிறத்தைப் பற்றி ரொம்பக் கறாராக இருப்பதில்லை. 2015 பிப்ரவரியில் ஒரு கவுன் படம் உலகத்தையே இரண்டாகப் பிரித்தது நினைவிருக்கலாம். சிலருக்கு நீலம் கருப்பு, சிலருக்கு வெள்ளை தங்கம். உண்மையில் அது நீலமும் கருப்பும்தான். படத்தில் வெளிச்சம் எப்படிப்பட்டது என்று தெளிவாகத் தெரியாததால், நிழலில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டவருக்கு ஒரு நிறம், மஞ்சள் விளக்கில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டவருக்கு வேறு நிறம். ஃபில்டர் போடாத படத்திலேயே நிறம் இப்படி ஆடும். வெளிச்சம் கொஞ்சம் கூட்டுவது, ஓரம் வெட்டுவது, கருப்பு வெள்ளை ஆக்குவது எல்லாம் சரி. பச்சை மாங்காயைப் பழுக்க வைக்காதீர்கள், காய்ந்த ஏரியில் தண்ணீர் விடாதீர்கள்.

ஏஐ படம் இந்தப் பகிர்வில் வேண்டாம். பார்க்கிறவர்கள் முதல் அடுக்கை நம்பித்தான் பேசுகிறார்கள். அந்தக் குச்சிகள் அந்த ஏரியில் நின்றன என்ற நம்பிக்கை அது. அந்த இடமே இல்லை என்றால், ஒருவர் தன் அப்பாவைப் பற்றி எழுதியது எதன் மேல் நிற்கும்?

என் படத்தை யாரோ எடுத்து மேல 'இனிய காலை வணக்கம்'னு எழுதி அனுப்பறாங்க. கேட்க முடியுமா?

முடியும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி எடுத்தவருக்கே உரிமை, பதிவு செய்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. 2012 திருத்தத்துக்குப் பிறகு எடுத்தவரின் ஆயுளோடு அதற்குமேல் 60 ஆண்டுகள் இந்த உரிமை நிற்கும். ஒன்றைக் கவனியுங்கள்: ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, உரிமை பணம் கொடுத்தவருக்குப் போகும். கல்யாணப் படம் எடுக்கிற தம்பிகள் மணமகள் படத்தை எங்களிடம் கொண்டுவரும்போது இதனால்தான் அந்தக் குடும்பத்திடம் கேட்டாயிற்றா என்று விசாரிக்கிறோம்.

நடைமுறையில் முதலில் நேரடியாகச் சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். கேட்காவிட்டால் அந்தந்தத் தளத்திலேயே பதிப்புரிமைப் புகார் செய்யும் வசதி இருக்கிறது. அசல் கோப்பைப் பத்திரமாக வைத்திருங்கள், அதுதான் சான்று.

கோயிலுக்குள்ள எடுத்ததைப் போடலாமா?

2022 டிசம்பரில் தமிழகக் கோயில்களுக்குள் கைபேசிக்குத் தடை போடும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதனால் உள்ளே வேண்டாம். கோபுரம், தெரு, தேர், திருவிழாக் கூட்டம் என்று வெளியிலேயே நிறைய இருக்கிறது.

மிஸ், எங்க அண்ணனுக்குக் கண் தெரியாது. ஃபோன் படிச்சுக் காட்டும், அதை வெச்சுதான் எல்லாம் பார்ப்பாரு. வார்த்தையே கூடாதுன்னா அவர் எப்படிக் கலந்துக்கறது?

ஒரு மாணவி கேட்டது. இதைக் கேட்ட பிறகு எங்கள் விதியையே மாற்றினோம். இப்போது எல்லாப் படத்துக்கும் மாற்று உரை, அதாவது படத்தில் இருப்பதைச் சொல்லும் சிறு குறிப்பு, எழுதுவது கட்டாயம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களில் படத்தோடு அதை எழுதி வைக்கும் வசதி உண்டு. பார்க்கிறவர்கள் கண்ணில் அது படாது. டாக்பேக், வாய்ஸ்ஓவர் மாதிரி திரையைப் படித்துக் காட்டும் வசதியில் கேட்கிறவர்களுக்கு மட்டும் போய்ச் சேரும்.

எழுதும்போது அந்த மூன்று அடுக்கில் முதலாவதோடு நின்றுவிடுங்கள். 'சோகமான பாட்டி காத்திருக்கிறார்' என்று எழுதினால் அவருக்கு மட்டும் விடையைச் சொல்லிவிட்டதாகும். 'வயதான பெண் ஒருவர் பேருந்து நிறுத்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் துணிப்பை. இடது கையால் கன்னத்தைத் தாங்கியிருக்கிறார். சாலை காலியாக இருக்கிறது. நிழல் நீளமாக விழுகிறது' என்று எழுதுங்கள். சோகமா, களைப்பா, மாலை நேரமா என்பதை அவரே ஊகிக்கட்டும். நீளம் மூன்று நான்கு வரி போதும். எது எங்கே இருக்கிறது, வெளிச்சம் எப்படி இருக்கிறது, எது பெரிது எது சிறிது என்பவற்றை விட்டுவிடாதீர்கள்.

அந்த மாணவியின் அண்ணன் 'காத்திருப்பு' வாரத்தில் இந்தப் பாட்டி படத்துக்கு எழுதிய பதில் மற்ற யாருக்கும் தோன்றாதது. பையை ஏன் பக்கத்தில் வைக்காமல் மடியில் வைத்திருக்கிறார் என்று கேட்டிருந்தார். எல்லோரும் திரும்பப் போய்ப் படத்தைப் பார்த்தோம். மாற்று உரை எழுதுகிறவர்களுக்கும் ஒரு பயன் இருக்கிறது. தன் படத்தில் என்ன இருக்கிறது என்று வரி வரியாக எழுதும்போதுதான், எடுக்கும்போது கவனிக்காதது தெரிய வரும். எழுதி முடித்துவிட்டுப் படத்தை மாற்றிக்கொள்கிறவர்கள் நிறைய. ஞாயிறு காலை பதினொரு மணி வரை மாற்றலாம்.